அப்பா என் தரப்பைப் பேசிய பிற்பகல்

தொண்ணூற்றாறாம் ஆண்டு, பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. கருமத்தம்பட்டியைத் தாண்டி, அவினாசி சாலையிலிருந்து சற்று உள்ளே, தென்னந்தோப்புக்கு நடுவில் இருந்த சிறிய கிறிஸ்தவப் பள்ளியில் நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து இன்றுவரை நாட்குறிப்பு எழுதி வருகிறேன். அந்த நாளின் பக்கத்தில் ‘நல்ல வெயில். அப்பா பேசினார்’ என்று மட்டுமே இருக்கிறது. மற்றதெல்லாம் எழுதாமலேயே தங்கிவிட்டது.

அது வழக்கமான பள்ளி அல்ல. பெரிய கல்லூரிகளுக்கு மாணவர்களைத் தயார்செய்வது அதன் நோக்கம். பாடத்திட்டத்தில் உள்ளவற்றோடு லத்தீன், தர்க்கம், மேடைப்பேச்சு, பழைய கிரேக்க ரோமானிய வரலாறு எல்லாம் உண்டு. காலை ஜெபம் முடிந்ததும் லத்தீன் வாய்ப்பாடுகளைக் கூட்டமாகச் சொல்வோம். தோப்புக்கு அப்பால் ஊரின் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருக்கும். எங்களை அறியாமலேயே அந்தத் தாளத்துக்குள் விழுந்துவிடுவோம். ஜன்னலில் பனி, வாயில் புரிந்தும் புரியாத சொற்கள், தூரத்தில் தறி. இப்போது நினைத்தாலும், விழித்துக்கொண்டே கண்ட கனவு போலத்தான் இருக்கிறது.

நாங்கள் கிறிஸ்தவர்கள் அல்ல. அப்பா விவசாயத்தோடு தறியும் போட்டிருந்தார். கண்டிப்பான பள்ளி என்று கேள்விப்பட்டு என்னைச் சேர்த்தார். ஆனால் லத்தீனைக் கிண்டல் செய்யாமல் அவருக்குச் சோறு இறங்காது.

“செத்துப்போன பாஷைங்கறாங்க. அதுல நூல்காரங்கிட்ட பேரம் பேச முடியுமா கண்ணு?” என்பார்.

அந்த வருடம் மட்டும் கிண்டல் நின்றுபோயிருந்தது. பெங்களூருக்குப் போய்ச் சட்டம் படிக்க வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன். கோடையில் நுழைவுத் தேர்வு. அப்பா, “வேண்டாங்கண்ணு” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். ஏன் என்று கேட்டால், “பக்கத்துல, பீளமேட்டுல இல்லாத காலேஜா?” என்பார். அதற்குமேல் பேச்சில்லை. வீட்டில் ஒரு மாதமாக நாங்கள் இருவரும் அம்மாவிடம் மட்டுமே பேசிக்கொண்டிருந்தோம்.

இந்த நிலையில்தான் வாத நாள் வந்தது.

பள்ளியை விட்டுப் போகும் மாணவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கருத்தை எடுத்துச் சபை நடுவே நின்று நிறுவ வேண்டும். யார் வேண்டுமானாலும் மறுக்கலாம், பெற்றோரும்கூட. ஆனால் ஒரு விதி எல்லோருக்கும் பொது. எதிராளிக்குப் பதில் சொல்வதற்கு முன், அவர் சொன்னதை நம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘ஆமாம், அதுதான்’ என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே பதில். அவர் ஒப்புக்கொள்ளும்வரை எத்தனை முறையானாலும் சொல்லிப் பார்க்க வேண்டும். பதில் இல்லையென்றால், இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும். அதில் அவமானம் கிடையாது. ஏழாம் வகுப்பிலிருந்து இதே பழக்கம் என்பதால், எங்களுக்குச் சண்டையே நிதானமாகத்தான் போட வரும்.

எனக்குக் கொடுத்திருந்த கருத்து, ‘முடிவெடுக்கும்போது அச்சத்தின் சொல்லைக் கேட்கக் கூடாது’ என்பது. ஆசிரியர்கள் கொடுத்ததுதான், நானாகத் தேர்ந்தெடுக்கவில்லை.

பள்ளியின் சிற்றாலயத்தில்தான் கூட்டம். ஓட்டுக்கூரை, வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். பிற்பகல் வெயில் சிவப்பும் நீலமுமாகத் தரையில் கிடந்தது. அப்பாவும் அம்மாவும் மூன்றாவது வரிசையில் இருந்தார்கள். அப்பா தறிக் குடோனிலிருந்து நேராக வந்திருந்தார். புருவத்தில் ஒட்டியிருந்த பஞ்சு, ஜன்னல் வெளிச்சத்தில் நீலமாகத் தெரிந்தது.

நான் நன்றாகவே பேசினேன். பயத்தால் தோற்ற படைகள், பயத்தால் பொய் சொன்ன சாட்சிகள் என்று அடுக்கினேன். என் வகுப்புத் தோழி ஒருத்தி மறுத்தாள். அவள் சொன்னதை முதல் முறையிலேயே சரியாகத் திருப்பிச் சொல்லி, பதிலும் சொன்னேன். கை தட்டினார்கள். வேறு யாராவது உண்டா என்று தலைமை ஆசிரியை கேட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மின்விசிறிகள் மெல்ல நின்றன. ஊரிலிருந்த தறிகளும் ஒன்றாக நின்றன. எத்தனையோ வருடங்களாகக் காதுக்குள் இருந்த சத்தம் இல்லாமல் போகவும், சிற்றாலயம் தண்ணீருக்கடியில் போய்விட்டது போல் இருந்தது. அந்த நிசப்தத்தில் அப்பா எழுந்து நின்றார்.

“ஏனுங்க மேடம், நானும் கேக்கலாமுங்களா?”

அம்மா அவர் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தாள். “உக்காருங்க. புள்ளை மானத்த வாங்காதீங்க.”

“தாராளமா கேளுங்க,” என்றார் தலைமை ஆசிரியை.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. எனக்கு மேலே இருந்த சிலுவையைப் பார்த்துப் பேசினார். “பயப்படக் கூடாதுன்னு எம் பொண்ணு சொல்லுதுங்க. பொண்ணைப் பெத்தவன் எப்படீங்க பயப்படாம இருப்பான்? பயம் இல்லீன்னா அப்பறம் அவன் என்னத்துக்கு அப்பனா இருக்கோணும்?”

இப்போது நான் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். “பெண்களை வெளியூருக்கு அனுப்புவது சரியல்ல என்பது அவர் கருத்து,” என்றேன்.

“நான் அப்படிச் சொல்லலீங்களே,” என்றார் அப்பா. பின் வரிசைகளில் சிரிப்பு.

“அனுப்பினால் உறவுக்காரர்கள் ஏதாவது பேசுவார்கள் என்று அஞ்சுகிறார்.”

“பேசறவங்க பேசிட்டுப் போறாங்க. அதுக்கு நான் எதுக்குப் பயப்படறேன்?”

ஒரு மாதமாக அவரோடு மனதுக்குள் சண்டை போட்டிருக்கிறேன். அந்தச் சண்டைகளில் அவர் பேச வேண்டியதையும் நானே எழுதி வைத்திருந்தேன். அவற்றில் ஒன்றுகூட அவருடையது அல்ல.

அப்பாவைப் பார்த்தேன். அவருடைய வலது கை, தொடைக்குப் பக்கத்தில் விரல்களை மடக்கிக்கொண்டும் நீட்டிக்கொண்டும் இருந்தது. அந்தக் கையைப் பார்த்தபோது நினைவு வந்தது. எனக்கு ஐந்து வயதிருக்கும். குடோனுக்குள் விளையாடிக்கொண்டிருந்தபோது என் பாவாடை நுனி மோட்டார் பெல்ட்டில் சிக்கியது. அப்பா பாய்ந்து வந்து அந்தக் கையால்தான் ஸ்விட்சை அணைத்தார். முழங்காலில் சிறு கீறல் மட்டுமே. நான் அதை மறந்தே போயிருந்தேன். அவர் மறக்கவில்லை என்பது அந்தக் கணத்தில்தான் புரிந்தது. அதன் பிறகு நான் எங்கே இருந்தாலும், எட்டிவிடும் தூரத்திலேயே அவர் இருந்து வந்திருக்கிறார்.

மெதுவாகச் சொன்னேன்: “எனக்கு ஏதாவது ஆனால் ஓடி வந்து ஸ்விட்சை அணைக்க முடியாத தூரத்தில் இருப்போமே என்று அப்பா பயப்படுகிறார்.”

அப்பா சிலுவையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். “ஆமாங்கண்ணு,” என்றார். “அதேதான்.”

விதிப்படி அடுத்து நான் பதில் சொல்ல வேண்டும். என்னிடம் இருந்ததெல்லாம் தோற்றுப்போன படைகளும் பொய் சொன்ன சாட்சிகளும்தான். “இதற்கு என்னிடம் பதில் இல்லை,” என்று சொன்னேன். உட்காரப் போனேன். பெங்களூர் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆச்சரியம் என்னவென்றால், அழுகை வரவில்லை. கனவில் ஏதோ ஒன்றை இழக்கும்போது வலிக்காதே, அப்படி இருந்தது.

அப்பா மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தார். “ஏனுங்க மேடம், நானும் அதே மாதிரி திருப்பிச் சொல்லோணுமுங்களா?”

ஜெயித்தவருக்கு அந்த விதி கிடையாது. தலைமை ஆசிரியை அதைச் சொல்ல வாயெடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, “விருப்பம்னா சொல்லுங்க,” என்றார்.

அப்பா தொண்டையைச் செருமினார். மேடையில் பேசிப் பழக்கமில்லாதவர். நூல் விலை பேசும் குரலிலேயே ஆரம்பித்தார். “எம் பொண்ணு சொல்றது என்னன்னாங்க... எத்தனை நாளைக்குத்தான் நானே ஓடி ஓடி அணைச்சுட்டு இருப்பேன்? நான் இல்லாத ஒரு நாள் வந்துதானே தீரும்? அன்னிக்கு ஸ்விட்சு எங்க இருக்குதுன்னு அதுக்கே தெரிஞ்சிருக்கோணும். எட்டத்துல போய் நின்னாத்தான் அது தெரியும். இதத்தான் சொல்லுதுங்க.” என் பக்கம் திரும்பினார். “சரிதானுங்களா, அம்மணி?”

நான் அப்படி எதுவும் சொல்லவில்லை. அதில் ஒரு சொல்கூட என்னுடையது அல்ல. அந்தப் பள்ளியின் ஒழுங்கு தெரிந்தவள் என்ற முறையில், ‘இல்லை, நான் சொன்னது இதுவல்ல’ என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும்.

“ஆமாம், அதுதான்,” என்றேன்.

தலைமை ஆசிரியை எதையோ எழுதுவது போல் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா முந்தானையால் முகத்தை விசிறிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. முதலில் ஒரு தறி, பிறகு இரண்டு, பிறகு ஊர் முழுக்க.

வீட்டுக்குப் போகும் வழியில், பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது அப்பா, “பெங்களூருக்கு ராத்திரி வண்டி தேவலையா, பகல் வண்டி தேவலையான்னு விசாரிச்சுப்போட்டு வாரேன்,” என்றார். அம்மாவிடம் சொல்வது போல் என்னிடம் சொன்னார்.

கோடையில் அவரே கூட்டிக்கொண்டு போனார். நான் தேர்வு எழுதி முடித்து வெளியே வரும்வரை வாசலில் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. இடம் கிடைத்தது, படித்தேன். இன்று வழக்கறிஞராக இருக்கிறேன். அங்கே படித்த ஐந்து வருடமும் ஞாயிறு தவறாமல் ஊரிலிருந்த எஸ்டிடி பூத்திலிருந்து விடுதிக்குப் பேசுவார். நான் ‘அப்பா’ என்றதும் அவர் மூச்சை விடுவது தெளிவாகக் கேட்கும். நான் ஃபோனுக்கு வரத் தாமதமானால் வார்டனை எழுப்பாமல் விட மாட்டார்.

அச்சத்தின் சொல்லைக் கேட்கக் கூடாது என்று அன்று அத்தனை அழகாகப் பேசியவள் நான். அதைக் கடைசிவரை கேட்டுக்கொண்டே என்னை அனுப்பியவர் அப்பா.