மந்திரியின் பங்கு

அந்த வருடம் எங்கள் வீட்டில் கட்டாயம் இறைச்சி சாப்பிட வேண்டும் என்று டொக்டர் கையால் எழுதி வாங்கியிருந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் பூனை.

எனக்கு அப்போது பத்து வயது. பால்மாவுக்கும் காஸுக்கும் டீசலுக்கும் ஊரே வரிசையில் நின்றுகொண்டிருந்த காலம். கண்டிக்குப் பக்கத்தில், குண்டசாலையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா, சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடும் வேன் ஒன்றின் சாரதி. பயணிகளும் வருவதில்லை, டீசலும் கிடைப்பதில்லை என்றான பிறகு முதலாளி வேனைத் தன் வீட்டு முற்றத்தில் நிறுத்திவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார். அம்மா அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சட்டை தைப்பார். அந்தத் தையல் மெஷின் ஓடினால்தான் எங்கள் அடுப்பு எரியும். எனக்குக் கீழே நான்கு வயதில் ஒரு தங்கச்சி.

பூனை ஒரு மழை நாளில் தானாக வந்து மெஷினுக்கு அடியில் துணிக் குவியலில் படுத்துக்கொண்டவன். “ஒரு வேலையும் செய்யிறதில்ல, நேரத்துக்குச் சாப்பாடு கேக்குறான், குடுக்காட்டி மொறைக்கிறான். மந்திரியேதான்” என்று அப்பா சொன்னார். அதுவே பெயராகிவிட்டது. வாசலில் நின்று “மந்திரி, சாப்பிட வா” என்று நான் கூப்பிடும்போது ரோட்டில் போகிறவர்களில் சிலர் சிரிப்பார்கள். சிலர் பல்லைக் கடிப்பார்கள்.

மந்திரிக்கு நாங்கள் சாப்பிடுவதுதான் சாப்பாடு. சோறும் பருப்பும், இருந்தால் கொஞ்சம் பால். வயிறு நிறையத்தான் கொடுத்தோம். ஆனாலும் அவன் மெலிந்துகொண்டே போனான். முதுகில் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. பிறகு ஒரு நாள், நடுவீட்டில் இருந்த கதிரையின் காலில் போய் முட்டிக்கொண்டான். தன் மேல் யாரோ கதிரையை எறிந்துவிட்டதைப் போல என்னைத் திரும்பிப் பார்த்தான். மறுநாளும் முட்டினான். நான் அழுத அழுகையில் அப்பா அவனைச் சந்தைக்குக் கொண்டுபோகும் பையில் போட்டு, தலை மட்டும் வெளியே தெரியக் கட்டி, என்னையும் கூட்டிக்கொண்டு அரசாங்க மிருக வைத்தியரிடம் பஸ் ஏறினார்.

டொக்டரம்மா சிங்களத்தில் பேசினார். மந்திரியின் கண்ணுக்குள் ஒரு சின்ன வெளிச்சத்தை அடித்துப் பார்த்துவிட்டு, என்ன சாப்பாடு என்று கேட்டார். அப்பா சொன்னார். டொக்டரம்மா தலையை ஆட்டி ஆட்டி நிறைய நேரம் விளக்கினார். அப்பா எனக்கு அதைச் சுருக்கிச் சொன்னார்.

“சோறு வயித்தத்தான் நெரப்புமாம். பூனைக்குக் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் வேணுங்கிற சத்து ஒன்னு இருக்காம். அது எறச்சியிலதான் இருக்காம். போன பார்வை திரும்பாது, இருக்கிறதக் காப்பாத்தலாங்கிறாங்க.”

கடையில் விற்கும் பூனைச் சாப்பாடு வாங்க வேண்டுமா என்று அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார். டொக்டரம்மாவுக்கு அப்பாவின் செருப்பைப் பார்த்தே எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். தேவையில்லை, ஆட்கள் வாங்காததை நீங்கள் வாங்குங்கள் என்றார். ஒரு சீட்டை எடுத்து எழுதினார். கோழி இருதயம், இரைப்பை, கழுத்துச் சதை. ஈரல் கொஞ்சம்தான், அதிகம் கூடாது. இருந்தால் முட்டை. முட்டைக் கோதைக் காயவைத்து மா மாதிரி அரைத்து ஒரு சிட்டிகை. உப்பு, வெங்காயம், உள்ளி ஆகாது. வெந்த எலும்பு குத்தும்.

பள்ளிக்கூடத்தில் சிங்களம் படித்ததால் அந்தச் சீட்டை அம்மாவுக்கு வாசித்துக் காட்டும் பெருமை எனக்குக் கிடைத்தது. அம்மா மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“நமக்கு யாராவது இப்படி ஒரு சீட்டு எழுதிக் குடுத்தா நல்லாருக்கும்” என்றார். மறுபடி மெஷினை ஓட்டத் தொடங்கினார். அந்த வீட்டில் நாங்கள் கோழி சாப்பிட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

அம்மாவின் தம்பி, என் மாமா, கண்டிச் சந்தையில் ஒரு கோழிக்கடையில் வெட்டுகிற வேலை செய்தார். அம்மாவும் அவரும் தெல்தோட்டையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவர்கள். பெற்றோர் அடுத்தடுத்து இறந்தபோது அம்மாவுக்குப் பதினாறு வயது, மாமாவுக்கு ஏழு. அம்மா கொழுந்து பறித்து மாமாவை வளர்த்தார். அதனால் அம்மாவின் கணக்கில் அவருக்குக் கொடுக்கலாமே தவிர அவரிடமிருந்து வாங்க முடியாது. அப்பாவின் வேலை போன புதிதில் மாமா ஒரு முழுக் கோழியோடு வந்தார். அம்மா அதை அப்படியே திருப்பி அனுப்பினார். “ஒனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு. மொதல்ல அதுகளுக்கு ஆக்கிப் போடு” என்றார். மாமா கோழியைத் தூக்கிக்கொண்டு போன முதுகு எனக்கு இன்னும் ஞாபகமிருக்கிறது.

இந்த முறை மாமா வந்ததும் நான் சீட்டை நீட்டினேன். அவர் இரண்டு தடவை வாசித்தார். கதிரை எங்கே இருக்கிறது என்று மோப்பம் பிடித்துக்கொண்டிருந்த மந்திரியைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

“இதெல்லாம் கடையில வீசுற சாமான்தான்க்கா. சும்மா குப்பைக்குப் போகுது. பூனைக்குத்தானே, கொண்டு வாறேன்.”

பூனைக்கு என்றால் அம்மாவால் மறுக்க முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து ஒரு பை வரத் தொடங்கியது. அம்மா அதைப் பிரித்துக் கழுவுவதை நான் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்ப்பேன். உப்பில்லாமல் ஒரு கொதி விட்டு, பொடியாக நறுக்கி, கழுத்து எலும்பிலிருந்து சதையை நகத்தால் வழித்தெடுத்து, முட்டைக் கோது மாவைத் தூவி, வேகவைத்த தண்ணீரையும் ஊற்றிக் கொடுப்பார். கரண்ட் நினைத்த நேரத்தில் போய்விடுவதால் குளிர்சாதனப் பெட்டியை நம்ப முடியாது. ஒரு சின்னப் பாத்திரத்தில் வைத்து, நாளுக்கு இரண்டு தடவை சுட வைத்துப் பார்த்துக்கொள்வார். ஒரு மாதத்தில் மந்திரியின் முதுகில் புது முடி வந்தது. முட்டிக்கொள்வதும் குறைந்தது. கண் திரும்பியதா, கதிரை இருக்கும் இடம் பழகிவிட்டதா, தெரியாது.

பையும் வளர்ந்தது. ஒரு சனிக்கிழமை இருதயங்களுக்கு நடுவே ஒரு முழுத் தொடை கிடந்தது.

“இதென்னா?” என்றார் அம்மா.

“வெட்டுறப்ப கை தவறி விழுந்திருச்சிக்கா.”

அடுத்த கிழமை இரண்டு தொடை கை தவறியிருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்த மாமா, “டொக்டர் எழுதியிருக்காங்களே, பாக்கலியா?” என்று தன் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தார். சாமான் சரிபார்க்க வேண்டும் என்று முந்திய கிழமை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போன அதே சீட்டுத்தான். நீலப் பேனையில் சிங்கள வரிகள். அவற்றுக்குக் கீழே பென்சிலில் தமிழில் ஒரு வரி: ‘கோழி தொடை, பெருசு.’

டொக்டரம்மா எங்களுக்காகத் தமிழ் எழுதப் பழகியிருக்கிறார் என்று நான் நெகிழ்ந்துபோனேன். அப்பா சீட்டைப் பார்த்துவிட்டு வாசலுக்குப் போய்ச் சிரித்தார். அவர் சிரித்துப் பல நாளாகியிருந்தது. அம்மா உதட்டை இறுக்கிக்கொண்டு சீட்டை அலுமாரிக் கதவில் ஒட்டிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

அன்று முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் கோழிக் கறி மணந்தது. அம்மா மந்திரியின் பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்துக்கு மிளகாய்த் தூளும் வெங்காயமும் போட்டு எங்களுக்கு ஆக்குவார். தங்கச்சி எலும்பைக் கடைசிவரை உறிஞ்சுவாள். நானும் சாப்பிட்டேன். ஆனால் ஒவ்வொரு துண்டும் தொண்டையில் ஒரு கேள்வியாக நின்றது. கண் தெரியாத ஒரு சீவனுக்கு டொக்டர் எழுதிக்கொடுத்த தொடையை நாங்கள் சாப்பிடலாமா? பள்ளிக்கூடத்தில் நான் வகுப்புத் தலைவி. அநியாயத்தைக் கண்டால் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை எல்லாரும் முன்னறையில் இருந்தபோது சொன்னேன்.

“மாமா, நீங்க மந்திரிக்குக் கொண்டு வர்ற தொடைய அம்மா அவனுக்குக் குடுக்கிறதே இல்ல. எங்களுக்குத்தான் ஆக்கிறாங்க. போன ஞாயித்துக்கெழம அப்பா ரெண்டு துண்டு சாப்பிட்டாரு.”

தையல் மெஷின் நின்றது. அப்பா எழுந்து, தேடுவதற்கு ஒன்றுமில்லாத முற்றத்தில் எதையோ தேடப் போனார். அம்மாவின் முகம் காதுவரை சிவந்தது. மாமா மட்டும் அசரவில்லை. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, கடை முதலாளிக்குப் பதில் சொல்வதைப் போல அமைதியாகச் சொன்னார்.

“அது நாஞ் சொன்னதுதான் மருமகளே. கறி கெட்டுப் போயிருக்கா இல்லியான்னு பூனைக்குச் சொல்லத் தெரியுமா? மனுசன் சாப்பிட்டுப் பாத்துத்தான் அதுக்குக் குடுக்கணும்.”

எனக்கு அது நியாயமாகப் பட்டது. ஆனால் மாமா புறப்படும்போது அம்மா வாசல்வரை போய், அவர் முகத்தைப் பார்க்காமல், “இனிமே பை வேணாம்ப்பா” என்றார்.

“அக்கா, புள்ள என்னமோ தெரியாம...”

“வேணாம்னா வேணாம்.”

மூன்று கிழமைகள் பை வரவில்லை. அம்மா பக்கத்துக் கடையில் மந்திரிக்கு மட்டும் ஒரு கை இருதயம் வாங்கி, அதே மாதிரி உப்பில்லாமல் வேகவைத்துக் கொடுத்தார். எங்களுக்குப் பருப்பு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் தங்கச்சி அடுப்படி வாசலில் போய் நின்று மூக்கைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பி வருவாள். என் முறைப்பாடு ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமை இரண்டாவது ஞாயிறோடு கரைந்துபோனது.

நான்காவது சனிக்கிழமை அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கண்டிக்கு பஸ் ஏறினார். கையில் காகிதத்தில் சுற்றிய ஒரு பொதி.

மாமாவின் கடையில் கூட்டம். தூக்கிக் கட்டியிருந்த விலைப் பலகையில் கோழிக்குக் கீழே ஈரல், இருதயம், இரைப்பை, கழுத்து என்று ஒவ்வொன்றுக்கும் விலை எழுதியிருந்தது. எங்களுக்கு முன்னால் நின்ற இரண்டு பேரும் இருதயம்தான் கேட்டார்கள். அந்தக் காலத்தில் ஆட்கள் வாங்காதது என்று எதுவும் மிச்சமிருக்கவில்லை. நான் அம்மாவின் கையை இழுத்து, “வீசுற சாமானுக்கு ஏம்மா வெல போட்டிருக்காங்க?” என்று கேட்டேன். அம்மா பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமா உள்ளே இருந்தார். முன்னால் நின்ற இன்னொரு வேலையாள், வயதானவர், எங்களை அடையாளம் கண்டுகொண்டு பேச்சுக் கொடுத்தார். “வாங்கம்மா. கெழமைக்கு ஒரு கோழி எங்களுக்குக் கடையில குடுக்கிறாங்க. ஒங்க தம்பி ரொம்ப நாளா அத வீட்டுக்கே கொண்டு போகல, அந்தக் கணக்குக்குத் தொட, இருதயம்னு எடுத்து வேற எங்கேயோ கொண்டு போனாரு. எங்க குடுக்கிறாரோன்னு நெனச்சேன். இப்ப மூணு கெழமையாத்தான் புள்ளைங்க ஆசையாச் சாப்பிடுறாங்களாம்.”

அம்மா “அப்படியா” என்றார்.

மாமா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அம்மாவைக் கண்டதும் பயந்துவிட்டார். அம்மா பொதியை நீட்டினார். உள்ளே, மாமாவின் பிள்ளைகளின் அளவுக்கு இரண்டு கவுன்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பல நிறத் துண்டுகளைக் கோலம் போட்டதுபோல் சேர்த்துத் தைத்தவை. மூன்று கிழமையும் வேலை முடிந்த பிறகு அம்மா தைத்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

“வெட்டுத் துணிதான்” என்றார் அம்மா.

மாமா ஒரு கவுனை விரித்துப் பார்த்தார். தோள்பட்டைத் தையலை விரலால் தடவினார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போய் ஒரு பையோடு வந்தார். அம்மா அதை அங்கேயே பிரித்தார். உள்ளே இருந்த இரண்டு தொடைகளையும் எடுத்து மாமாவின் கையில் வைத்தார்.

“இது ஒம் புள்ளைங்களுக்கு. மத்தது எங்களுக்கு.”

“மத்தது மந்திரிக்குத்தானேக்கா...”

“மந்திரிக்கும் எங்களுக்கும். நாளைக்கு நீயும் வா. சாப்பிட வா.”

மறுநாள் அம்மா எல்லாவற்றையும் ஒரே சட்டியில் வேகவைத்தார். மந்திரியின் பங்கை எடுத்து ஆறவைத்துவிட்டு, மிச்ச இருதயங்களையும் இரைப்பைகளையும் மிளகும் கறிவேப்பிலையும் போட்டுப் பிரட்டினார். தங்கச்சி ஒன்றை வாயில் போட்டுவிட்டு இன்னொன்றுக்குக் கை நீட்டினாள். அப்பா தட்டைத் தூக்கிக்கொண்டு எங்களோடு வந்து உட்கார்ந்தார்.

மாமாவும் உட்கார்ந்தார். அதுதான் எனக்கு அதிசயமாக இருந்தது. அப்பாவின் வேலை போன எட்டு மாதமாக மாமா எங்கள் வீட்டில் ஒரு வாய் சோறு சாப்பிட்டதில்லை. எந்த நேரத்தில் வந்தாலும் “இப்பத்தான் சாப்பிட்டேன்” என்று வெறுந்தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போவார். அன்று அம்மா போடப் போட வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டார். மூன்றாம் தடவையும் தட்டை நீட்டினார். அம்மா சட்டியை வழித்துப் போட்டார். போட்டுவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோல மாமாவின் தலையில் கையை வைத்துவிட்டு எடுத்தார்.

மாமா இவ்வளவு சாப்பிடுகிற ஆள் என்று எனக்கு அதுவரை தெரியாது. நாளைக்கு மந்திரிக்கு மிஞ்சுமா என்பதுதான் என் கவலை. கொண்டு வந்ததை அக்கா பூனைக்கு என்றில்லாமல் தனக்கென்று வாங்கிக்கொண்டால்தான் அக்காவின் சோறு தன் தொண்டையில் இறங்கும் என்று அந்த மனிதர் எட்டு மாதம் பசியோடு காத்திருந்திருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்?