அவசரப் பிரிவு வாசல் பெஞ்சு

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். அந்தக் கோபத்தால் என் மனைவி ஒரு வருஷம் பயத்திலேயே கிடந்தாள்.

எண்பதுகளில் சின்னாளப்பட்டி பஸ் ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருந்தேன். அவளுக்குத் திடீரென்று நெஞ்சு படபடக்கும், கை கால் மரத்துப்போகும். "ஏங்க, உசுரு போயிரும்போல இருக்கு" என்பாள். திண்டுக்கல் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். இ.சி.ஜி. எடுத்தால் ஒன்றும் இருக்காது.

மூன்றாம் தடவை இளவயது டாக்டர் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "நெஞ்சுல ஒரு கோளாறும் இல்ல. இது மனசுல வர்ற பயம். மருந்து இருக்கு, குணமாயிரும்" என்று மதுரை மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதித் தந்தார்.

"எம் பொண்டாட்டி என்ன பைத்தியமா?" வெளியே இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்திவிட்டுச் சீட்டைக் கிழித்தெறிந்தேன். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? டீ குடிக்க வருகிறவனெல்லாம் கேட்பானே என்ற நினைப்புதான் எனக்கு. அவள் பஸ்ஸில் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே வந்தாள்.

அதற்கப்புறம் நெஞ்சைப் பற்றி அவள் பேசவே இல்லை. சரியாகிவிட்டது என்று நினைத்தேன், மடையன்! சனிக்கிழமை தோறும் காய் வாங்கத் திண்டுக்கல் போய்வந்தாள்.

ஒரு வருஷம் போயிருக்கும். கடைக்கு டம்ளர் வாங்கத் திண்டுக்கல் போனவன் ஆஸ்பத்திரியைத் தாண்டி நடந்தேன். அவசரப் பிரிவு வாசல் பெஞ்சில், காய்ப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

"இங்க என்ன புள்ள பண்ற?"

பதறி எழுந்தாள். "ஒண்ணுமில்லங்க. இங்க உக்காந்தா நெஞ்சு அடங்குது. என்ன ஆனாலும் டாக்டரு பக்கத்துல இருக்காருல்ல. செத்த நேரம் உக்காந்துட்டு வந்துர்றேன்."

நடுவாசலிலேயே அழுதுவிட்டேன். வெட்கத்தை விட்டு உள்ளே போய், அன்றைக்கு இருந்த டாக்டரிடம் மறுபடி சீட்டு எழுதி வாங்கினேன். மதுரை மாத்திரையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தாள். "அப்படியே கோவத்துக்கும் ஒரு மாத்திரை கேட்டு வாங்கியிருக்கலாம்" என்று கடையில் எல்லார் முன்னாலும் என்னைக் கேலி பண்ணிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு மூன்று வருஷம்தான். மஞ்சள் காமாலை வந்து போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் கிழித்துப்போட்ட அந்த ஒரு வருஷத்தை யாராவது திருப்பித் தரமாட்டார்களா என்று இன்றைக்கும் ஏங்குகிறேன்.

அவள் போன பிறகு வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சனிக்கிழமையானால் கடையைச் சாத்திவிட்டு அந்தப் பெஞ்சுக்குப் போய்விடுவேன். ஒருநாள் நர்சம்மா வந்து, "உங்களுக்கு என்னய்யா பண்ணுது?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லம்மா. செத்த நேரம் உக்காந்துட்டுப் போறேன்" என்றேன்.