கதவுக்கு ஒரு டிக்கெட்

அடித்து விரட்டிய கணவரின் வீட்டிலேயே நான் குடியிருக்கலாம், யாரும் என்னை வெளியேற்றக் கூடாது என்று கோர்ட் உத்தரவு போட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு செந்துறைக்குத் திரும்பினேன்.

மறுநாள் காலை குளியலறைக்குக் கதவு இல்லை. மாமனாரும் கொழுந்தனும் நடமாடுகிற வீடு அது. கழற்றிய பிளாஸ்டிக் கதவு மாட்டுக்கொட்டகையில் சாய்ந்து கிடந்தது.

கணவரைக் கேட்டேன். சிரித்தார்.

"வூட்டை வுட்டு அனுப்பக் கூடாதுன்னுதானே கோர்ட்டுல சொன்னாங்க? கதவைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே!"

"இதுக்கெல்லாமா கோர்ட்டுக்குப் போவ? அனுசரிச்சுப் போம்மா" என்றார் மாமியார்.

இத்தனை வருடம் அனுசரித்ததில்தான் என் காது ஒரு பக்கம் கேட்காமல் போனது. அந்தக் கதவைத் தூக்கிக்கொண்டு அரியலூர் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் முணுமுணுத்தார். கதவுக்கும் டிக்கெட் வாங்கினேன்.

அங்கே என் குடும்ப வன்முறை வழக்கைப் பார்க்கும் பாதுகாப்பு அலுவலர் திகைத்துப்போனார். "இதை எதுக்கும்மா தூக்கிட்டு வந்தீங்க?"

மேசைமேல் சாய்த்து வைத்தேன்.

"உத்தரவுல எழுதாததையெல்லாம் கழட்டுறாங்க மேடம். இனி மிச்சம் என் சேலைதான். அதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்க."