பூவராகவன் பிரிவில் எழுத்தின் அளவு

துரத்திவிட்டார்களாம். யார் சொன்னது? கீழ் வீட்டு வத்சலா, லிஃப்டில் நின்று சொன்னாளாம். நேற்று அவளிடம் நேராகவே சொல்லிவிட்டேன்: என் மருமகள் அம்சவேணியை ஆபீஸிலிருந்து யாரும் துரத்தவில்லை, அவளாகத்தான் எழுந்து வந்தாள். வத்சலா விடவில்லை. சனிக்கிழமை மத்தியானத்தில் கண்ட ஆண்பிள்ளைகளை வீட்டுக்குள் உட்கார்த்தி வைத்திருந்தாளே, அது என்ன என்றாள். அதையும் சொல்கிறேன், கேளுங்கள்.

அம்சவேணிக்கு இங்கே டெல்லியில் லோதி ரோடு பக்கம் ஓர் ஆபீஸில் காண்ட்ராக்ட் வேலை. வருஷா வருஷம் புதுக் கடிதம் கொடுத்தால்தான் வேலை உண்டு. பள்ளிக்கூடங்களுக்காக இந்தியிலும் தமிழிலும் ஓடுகிற கம்ப்யூட்டர் அங்கே தயாரானது. அதில் செட்டிங்ஸ் என்று ஓர் இடம். எழுத்தைப் பெரிதாக்குவது, சத்தத்தைக் குறைப்பது, தேதியை மாற்றுவது எல்லாம் அதற்குள். எது எந்தத் தலைப்பில் என்று அடுக்குவது இவள் பொறுப்பு.

அந்தச் சனிக்கிழமை ஒவ்வொன்றையும் துண்டுக் காகிதத்தில் இந்தியில் எழுதினாள். லிஃப்ட்காரரையும் கேபிள்காரரையும் இந்தியில் அண்ணன் முறை வைத்து ‘பையா’ என்று கூப்பிட்டு, எது எதோடு சேரும் என்று தனித்தனியாகக் குவிக்கச் சொன்னாள். வாசல் கதவு திறந்தே இருந்தது. நான் பக்கத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். எழுத்தின் அளவு, திரையின் வெளிச்சம், பின்னாலிருக்கும் படம் மூன்றையும் இருவரும் ஒரே குவியலில்தான் போட்டார்கள். இவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அவர்களுக்கு இரண்டாம் தரம் டீ போட்டாள்.

ஆபீஸில் அது எடுபடவில்லை. எழுத்தின் அளவைச் செய்தது பூவராகவன் என்ற அதிகாரியின் பிரிவு, வெளிச்சத்தைச் செய்தது இன்னொருவர் பிரிவு. அவரவர் செய்தது அவரவர் பிரிவின் பெயரில்தான் இருக்க வேண்டுமாம். அதிலும் சீனியர் பிரிவு மேலே. கல்யாணப் பத்திரிகையில் எந்தப் பெரியப்பா பெயர் முதலில் என்று முறைத்துக்கொள்வார்களே, அதே கதை. நாலு மாதம் இவள் அடுக்கினாள், அவர்கள் கலைத்தார்கள். நடுவில் ஒருவர் ரிடையரானார். மொத்த வரிசையும் மறுபடி மாறியது.

கடைசியாக ஒரு திங்கட்கிழமை, பூவராகவன் முடிவான பட்டியலையும் புதுக் காண்ட்ராக்ட் கடிதத்தையும் சேர்த்தே மேஜையில் வைத்தாராம். தயாரித்தவர் என்று பட்டியலின் கீழே இவள் பெயர். கூட வேலை பார்க்கும் செல்வி அங்கே இருந்தாள், அவள்தான் எனக்குச் சொன்னது.

“சார், கண்ணு சரியாத் தெரியாத வாத்தியார் எழுத்தைப் பெரிசாக்கணும்னா, நீங்க யாருன்னு தெரிஞ்சுக்கிட்டா வரணும்?”

“சீனியாரிட்டின்னு ஒண்ணு இருக்கும்மா. ஜல்தி கையெழுத்தைப் போடு, ரெண்டையும் மேலே அனுப்பணும்.”

“கடிதத்துல போடறேன் சார். பட்டியல்ல போட மாட்டேன்.”

“ரெண்டும் ஒண்ணாத்தான் போகும்.”

அவள் சம்பளம் எங்களுக்கு வேண்டியிருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பேனாவைத் திறந்தவள், பட்டியலில் தன் பெயரை மட்டும் அடித்தாளாம்; கடிதத்தைத் தொடவே இல்லையாம். டிபன் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு, பகல் பன்னிரண்டு மணிக்கு, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, கதவைத் திறந்து நடந்தாள்.