ஒரு கையால் கழற்றும் மணிக்கூடு

பத்தொன்பது வருடம் என் இடது மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. ஒஸ்லோவில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர்களுக்கு முழங்கைக்குக் கீழே ஒன்றும் இருக்கக்கூடாது. மோதிரம் இல்லை, காப்பு இல்லை, மணிக்கூடு இல்லை, நகத்தையும் ஒட்ட வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் கிருமி தங்கும். நேரம் பார்க்க, சட்டையில் நெஞ்சுப் பக்கம் குத்தி வைக்கிற சின்ன மணிக்கூடு ஒன்று வைத்திருந்தேன். அது தலைகீழாகத் தொங்கும், குனிந்து பார்த்தால் நேராகத் தெரியும்.

ஒருநாள் வேலை முடிந்து நேரே கோயிலுக்குப் போயிருந்தேன். காப்புகள் கைப்பைக்குள் கிடந்தன. தெரிந்த பெண் ஒருத்தி என் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, "என்னக்கா, கை மூளியாக் கிடக்கு, வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டாள். "பிரச்சினை ஒண்டுமில்லை, சம்பளம் ஒழுங்கா வருது" என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைப்பது குறைந்துவிட்டது. எனக்கும் அது வசதியாகப் போயிற்று.

ஆனால் எங்கள் இல்லத்தில் மணிக்கூடு கட்டிய கைகளும் இருந்தன. அவை மேசையில் இருந்து வேலை செய்யும் பொறுப்பாளர்களின் கைகள். அவர்கள் அறைகளுக்குள் வந்து ஆட்களைத் தூக்குவதில்லை, கழுவுவதில்லை, ஆகவே "எங்களுக்குக் கழற்றத் தேவையில்லை" என்பார்கள். அறைகளில் இருந்து அழைப்புமணி அடித்தபடி இருக்க, ஆள் போதாமல் நாங்கள் ஓடித் திரியும்போது, அலுவலகக் கதவில் நின்று "இன்றைக்கு உங்களுக்கு நல்ல வேலைதான்" என்று அனுதாபப்பட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்கள். என்னோடு ஒரே கிழமையில் வேலைக்குச் சேர்ந்த எரித்திரியப் பெண் ஒருத்தி இருக்கிறாள். கூடப் பிறக்காத குறைதான். முதல் வருடமே அவள் எனக்கு நோர்வேஜிய மொழியில் சொல்லித் தந்தாள்: "உதவி வேண்டுமென்றால் முகத்தைப் பார்க்காதே, கையைப் பார். மணிக்கூடு கட்டியிருந்தால் வரமாட்டார்கள்." அவள் சொன்னது ஒருநாளும் பொய்க்கவில்லை.

நான் உதவியாளாகச் சேர்ந்தவள். வேலை செய்துகொண்டே தாதிப் படிப்பை முடித்தேன். பிரிவுப் பொறுப்பாளர் பதவிக்கு இரண்டு தரம் விண்ணப்பித்தேன், இரண்டு தரமும் நன்றி சொல்லி, வேறொருவரை எடுத்துவிட்டோம் என்று கடிதம் அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் தரம், ஒரு பெப்ரவரி மத்தியானம், பஸ் தரிப்பில் நிற்கும்போது கைபேசிக்குப் பதில் வந்தது. எனக்குத்தான் பதவி. வந்த பஸ்ஸை விட்டுவிட்டு இன்னொரு தரம் வாசித்தேன். அடுத்த பஸ்ஸும் போய்விட்டது. குளிரில் மூக்கு சிவந்து, தனியே சிரித்தபடி நின்ற என்னைப் பார்த்து ஒரு கிழவர் தன் நாயைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

எரித்திரியாக்காரி கட்டிப் பிடித்துத் தூக்கியே விட்டாள். பிறகு கீழே இறக்கி, என் மணிக்கட்டைத் தட்டி, "இனி நீயும் மணிக்கூடு கட்டுவாய்" என்றாள். அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. எனக்கு ஒரு குணம், குத்தினால் அந்தப் பக்கமே சாய்வேன். ஓம், கட்டத்தான் போகிறேன், அதுவும் நல்லதாகப் பார்த்து, என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

என் கணவர் பஸ் ஓட்டுகிறவர். பத்து வருடமாக இணையத்தில் மணிக்கூடு பார்க்கிறவர். பார்த்ததோடு சரி, ஒன்றும் வாங்கியதில்லை. நான் வாயைத் திறந்ததும் அவருக்குத் தீபாவளி வந்துவிட்டது. பற்றரி இல்லாமல் கை ஆடுகிற ஆட்டத்திலேயே ஓடுகிற மணிக்கூடுதான் மணிக்கூடு என்று ஒரு கிழமை பாடம் நடத்தினார். அதற்கு நான் தலையாட்டினேன். தண்ணீர் போகாததாக, ஆழ்கடலில் இறங்குகிறவர்கள் கட்டுவதாக வேண்டும் என்று நான் சொன்னபோதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"நீர் முழங்கால் தண்ணிக்கு மேலை கடலுக்கை இறங்கினதே இல்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதை எண்டுவினம், நீர் கையை விடப்போறீர்."

"நான் ஒரு நாளைக்கு நாப்பது தரம் கை கழுவுறன். எந்தச் சுழியோடி அவ்வளவு தரம் தண்ணிக்கை இறங்குறான்?" என்றேன். அவர் திரும்பவும் இணையத்தைத் திறந்தார்.

இரண்டு மணிக்கூடுகளைத் தேர்ந்து வைத்தார். ஒரு சனிக்கிழமை இருவரும் நகர மத்தியில் உள்ள கடைக்குப் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்றவள் நாங்கள் கதைப்பதைக் கேட்டுவிட்டுத் தமிழில் வரவேற்றாள். சென்னைப் பக்கம், கணவர் கணினி வேலை, அவளுக்கு முப்பது வயது இருக்கும். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "லேடீஸ் கலெக்ஷன் இந்தப் பக்கம் மேடம்" என்று கல் பதித்த, பொட்டு அளவு மணிக்கூடு ஒன்றை எடுத்து வைத்தாள். அதில் நேரம் பார்க்க எனக்கு இன்னொரு கண்ணாடி வேண்டும். நாங்கள் கேட்ட இரண்டையும் சொன்னதும் புருவத்தை உயர்த்தினாள். கெட்டிக்காரி, உடனே எடுத்து வந்தாள்.

ஒன்று நீலம். முகம் முழுக்க மெல்லிய அலைக்கோடு, உருக்குச் சங்கிலி, திருப்பினால் பின்பக்கக் கண்ணாடியால் உள்ளே சுழல்வது தெரியும். மற்றது கறுப்பு. தடித்த முள், தடித்த புள்ளிகள், றப்பர் பட்டி, அலங்காரம் ஒன்றும் இல்லை. விலையில் இரண்டும் அக்கா தங்கச்சிதான். மலிவில்லை, அதற்காகச் சொத்தை எழுதிக் கொடுக்கவும் தேவையில்லை.

"நீலம்தான். கழட்டி வைச்சாலும் மூண்டு நாள் ஓடும். கறுப்பு ரெண்டு நாள்கூட ஓடாது" என்றார் கணவர்.

"நீங்க டெய்லி வேலைல கழட்டணுமா மேடம்?" என்று அவள் கேட்டாள்.

"இல்லை, இனிக் கழட்டத் தேவையில்லை" என்றேன்.

சொல்லி முடியவில்லை, எனக்கே காது கூசியது. புதிய கதிரையில் நான் இன்னும் இருந்துகூடப் பார்க்கவில்லை. அதற்குள் வாய் அங்கே போய் வசதியாக உட்கார்ந்துவிட்டது. பத்தொன்பது வருடமாக யாரைப் பார்த்துப் பல்லைக் கடித்தேனோ அவர்களுடைய வசனத்தை, ஒரு எழுத்தும் பிசகாமல், நானே சொல்லிவிட்டேன். வெட்கமாக இருந்தது. நான் அப்படி ஆகிவிடுவேனோ என்று முதல் முறையாகப் பயமாகவும் இருந்தது.

"ரெண்டையும் ஒருக்காக் கட்டிப் பாக்கிறன்" என்றேன்.

நீலம் கையில் ஏறியதும் கை யாருடையதோ மாதிரி அழகாகிவிட்டது. கணவர் "ஆகா" என்றார். நான் வலது கையால் கழற்றிப் பார்த்தேன். பூட்டுக்கு மேல் இன்னொரு மடிப்பு, அதை நகத்தால் கிளப்ப வேண்டும். எனக்கு நகம் எங்கே? மூன்று தரம் முயன்றேன், விரல்நுனி வழுக்கியது. "அது சேஃப்டிக்காக மேடம், தண்ணிக்குள்ள தானா கழண்டுடக் கூடாதுல்ல" என்றாள் அவள். நியாயமான கதைதான். சுழியோடிக்கு அது கழலக்கூடாது. எனக்குக் கழல வேண்டும்.

கறுப்பைக் கட்டினேன். பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் இரண்டு பக்கமும் அமத்தினேன். பூட்டுத் திறந்து, மணிக்கூடு கையைத் தாண்டி உள்ளங்கைக்கு வந்து விழுந்தது. திரும்பவும் கட்டினேன், கழற்றினேன். ஐந்தாம் தரம் பார்க்காமலே செய்தேன். பக்கத்தில் மோதிரம் பார்த்துக்கொண்டிருந்த சோடி ஒன்று என்னைப் பார்க்கத் தொடங்கிவிட்டது.

"எல்லாரும் கையில எப்படி நிக்குதுன்னு பார்ப்பாங்க. நீங்கதான் எப்படிக் கழலுதுன்னு பாக்குறீங்க" என்று அவள் சிரித்தாள்.

"அதுதான் எனக்கு வேணும். கறுப்பு" என்றேன்.

கணவருக்கு முகம் விழுந்துவிட்டது. "நாப்பது மணித்தியாலத்திலை நிண்டு போகும்" என்று கடைசியாக ஒருமுறை முயன்றார்.

"நான் நாப்பது மணித்தியாலம் சும்மா இருந்ததை நீங்கள் எப்ப கண்டனீங்கள்?"

அவர் யோசித்துப் பார்த்துவிட்டு அட்டையை நீட்டினார். சுரங்க ரயிலில் எங்கள் வீடு இருக்கிற எல்லிங்ஸ்ருட் வரைக்கும் நான் கோட்டுக் கையை மடித்துவிட்டபடியே வந்தேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

பொறுப்பேற்ற முதல் நாள் எல்லாருடைய கண்ணும் என் மணிக்கட்டில்தான். எரித்திரியாக்காரி வந்து பார்த்தாள். "அழகாக இருக்கிறது" என்றாள், போய்விட்டாள். எங்களுக்குள் அவ்வளவு மரியாதையாக அவள் ஒருநாளும் கதைத்ததில்லை. இரண்டு கிழமை வேலை அட்டவணை, கூட்டம், தொலைபேசி என்று போனது. மத்தியானச் சாப்பாட்டு மேசையில் நான் போய் இருந்தால் கதை நின்றது.

மூன்றாம் கிழமை ஒரு வியாழக்கிழமை இரண்டு பேர் சுகமில்லை என்று வரவில்லை. சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன் கடைசி அறையில் மணி அடித்தது. அங்கே இருப்பவர் எழும்பி நிற்க முடியாத அம்மா, கழிப்பறைக்குக் கொண்டுபோகத் தூக்கும் இயந்திரம் வேண்டும், இயந்திரத்துக்கு இரண்டு பேர் வேண்டும். அது ஒற்றை ஆளாகச் செய்யக்கூடாத வேலை. நான் மேலிடத்தோடு தொலைபேசியில் இருந்தேன். எரித்திரியாக்காரி என் கதவில் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள்.

"பிறகு எடுக்கிறேன்" என்று மேலிடத்துக்குச் சொல்லிவிட்டு எழும்பினேன். இரண்டு விரல், ஒரு அமத்தல். மணிக்கூட்டைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, கை கழுவும் தொட்டியில் முழங்கை வரைக்கும் கழுவினேன். அவள் கையுறைப் பெட்டியை நீட்டினாள்.

"நீ இப்போது பெரிய ஆள் என்றார்களே?" என்று அந்த அம்மா இயந்திரத்தில் தொங்கியபடி கேட்டார்.

"ஓம், அதனால்தான் வரக் கொஞ்சம் சுணங்கிவிட்டது" என்றேன். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் இயந்திரம் ஆடியது.

அதன் பிறகு பல நாள் கழற்றினேன். எல்லா நாளும் இல்லை, கூட்டங்கள் என்னை விடுவதில்லை. ஆனால் ஒருவரும் இப்போது என் கையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதில்லை. கணவர் இன்றைக்கும் நீலத்தை இணையத்தில் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். கறுப்பு ஒருநாளும் நிற்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனபோது, தொட்டிக்கு மேலே சுவரில், ஒட்டுகிற கொளுக்கி ஒன்று புதிதாக இருந்தது. சவர்க்காரம் தெறிக்காத உயரம். யார் ஒட்டினது என்று கேட்டேன். எரித்திரியாக்காரி துவாய்களை மடித்துக்கொண்டு, திரும்பாமலே, "பைக்குள் போட்டால் கண்ணாடி கீறும்" என்றாள்.

மணிக்கூட்டைக் கழற்றி அதில் கொளுவினேன். என் வெறுங்கையைப் பார்த்தேன். பத்தொன்பது வருடத்தில் அந்தக் கையைப் பார்த்து நான் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.