கை தூக்காத அக்கா

எங்கள் வீட்டில் இரண்டு பேர் ஒரே வகுப்பில் படித்தோம். இரட்டைப் பிள்ளைகளா என்று யாராவது கேட்டால், "இல்லை, நான் நாலு வயசு மூப்பு" என்று அக்கா முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள். எனக்குத்தான் வெட்கம் பிடுங்கித் தின்னும்.

மன்னாருக்கும் எங்கள் ஊருக்கும் இடையில் ஆமி பாதையைப் பூட்டுவதற்கு முன்னமே, படிப்புக் கெடக்கூடாதென்று என்னை மன்னார்த் தீவில் இருந்த பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டார்கள். அப்பா, அம்மா, அண்ணன், அக்கா நால்வரும் விடத்தல்தீவுக்குப் போகும் வழியில் இருந்த எங்கள் வயற்கிராமத்திலேயே நின்றார்கள். பிறகு சண்டை வந்தது. அவர்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்தார்கள், முகாமில் இருந்தார்கள். மீள்குடியேற்றம் என்று சொல்லி ஊரில் கொண்டுவந்து இறக்கியபோது மூன்று பேர்தான் வந்து இறங்கினார்கள். அண்ணனை விசாரணைக்கு வைத்திருக்கிறார்கள், முடிந்ததும் விட்டுவிடுவார்கள் என்று எனக்குச் சொன்னார்கள். நானும் நம்பினேன். பெரியம்மா என்னைக் கூட்டிவந்து அவர்களுடைய தகரக் கொட்டிலில் சேர்த்துவிட்டுப் போனாள்.

தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கியது. நான் பத்தாம் வகுப்பு. அக்காவும் பத்தாம் வகுப்பு, ஏனென்றால் அவள் பத்தாம் வகுப்பின் முதல் தவணையில்தான் கொப்பியை மூடிவைத்துவிட்டு ஓடியவள். வயது கூடிப்போய்விட்டதென்று அதிபர் அவளைச் சேர்க்கத் தயங்கினார். அப்பா இரண்டு தரம் நடந்து கேட்ட பிறகு அதிபர் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். முதல் தவணைப் பரீட்சையில் கணக்குப் பாடம் சித்தியெய்தினால் அவள் வகுப்பில் இருக்கலாம், பள்ளிக்கூடத்துப் பிள்ளையாகவே சாதாரண தரப் பரீட்சை எடுக்கலாம். இல்லாவிட்டால் தையல் வகுப்புத்தான்.

தையல் மெஷின் ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டது. மீள்குடியேறிய குடும்பங்களுக்கு ஏதோ ஒரு நிறுவனம் கொடுத்தது. அம்மா அதைச் சாக்கால் மூடி மூலையில் வைத்திருந்தாள். அக்காவுக்குத் தையலைக் கண்ணில் காட்டக்கூடாது. அவளுக்கு நேர்ஸ் ஆகவேண்டும். கணக்கு இல்லாமல் அது நடக்காதென்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கணக்கு ரீச்சர் மன்னாரில் இருந்து பஸ்ஸில் வருவார். புதிதாக நியமனம் கிடைத்து வந்தவர். முதல் நாள் கணக்கு ஒன்றும் எழுதவில்லை, எங்களைப் பார்த்துப் பேசினார்.

"போன வருசங்கள் உங்கட பிழையில்லை, பிள்ளையள். இனிப் போற வருசம்தான் உங்கட பிழை."

இதைக் கேட்டதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இந்த ரீச்சரிடம் நான்தான் முதலாம் பிள்ளை என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டேன். அன்றன்றைய கணக்கை அன்றன்றைக்கே செய்யவேண்டும் என்றார். விடையை மட்டும் எழுதாமல் படிமுறையும் காட்டவேண்டும் என்றார். எல்லாவற்றையும் விட முக்கியம், விளங்காவிட்டால் கை தூக்கவேண்டும்.

"பயப்பிட வேண்டாம். கை தூக்கின ஆக்களை நான் ஒண்டும் செய்யமாட்டன்."

வகுப்பு சிரித்தது. அக்கா குனிந்து கொப்பியில் கோடு அடித்துக்கொண்டிருந்தாள்.

பின்னேரங்களில் சாப்பிட்டு, தண்ணீர் அள்ளி வைத்துவிட்டு, இருவரும் வேப்பமரத்துக்குக் கீழே பாய் போட்டு உட்கார்ந்துவிடுவோம். நான்தான் அவளுக்கு ரீச்சர். அதைவிடப் பெரிய பதவி எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. படிப்பதென்றால் அக்காவைப் போலப் படிக்கவேண்டும். விடை சரியாக வந்தாலும் விடமாட்டாள், எப்படி வந்ததென்று திரும்பவும் மேலே இருந்து பார்த்துக்கொண்டு வருவாள். கேள்வி கேட்டே என் உயிரை வாங்கிவிடுவாள். ஒருநாள் கழித்தல் குறியையும் கூட்டல் குறியையும் பிடித்துக்கொண்டாள்.

"சயவைச் சயவால பெருக்கினா ஏனடி சக வருது?"

"அது அப்பிடித்தான்."

"அப்பிடித்தான் எண்டு சொல்லுறதுக்கு நீ என்னத்துக்கு? அதை மெஷினுக்குப் பக்கத்தில இருந்து நானே சொல்லுவன்."

வீட்டில் இவ்வளவு வாய் உள்ளவள், வகுப்பில் ஊமை. ஏதாவது விளங்காவிட்டால், ஒரே வாங்கில் பக்கத்தில் இருந்து, மேசைக்குக் கீழே என் தொடையில் கிள்ளுவாள். நான் கை தூக்கவேண்டும். "ரீச்சர், எனக்கு விளங்கேல்ல" என்று, நன்றாக விளங்கிய கணக்கையே நான் எழும்பிக் கேட்கவேண்டும். நாளாக ஆகப் பெடியன்கள் எனக்கு 'விளங்கேல்ல' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். முதலாம் பிள்ளை ஆக வந்தவளுக்கு வந்த கெதியைப் பாருங்கள். ரீச்சர் வேறு, "இந்தப் பிள்ளையைப் பார்த்துப் பழகுங்கோ, விளங்காட்டி வெக்கப்படாமல் கேக்குது" என்று மெச்சினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நீயே கேட்டால் என்ன என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்குக் கூச்சமடி. நான் பெரிய ஆள்" என்றாள்.

நாலு வயது மூப்பென்று ஊருக்கே சிரித்துச் சொல்கிறவளுக்கு என்ன கூச்சம் என்று எனக்குத் தோன்றவில்லை. சரி என்று விட்டுவிட்டேன்.

பரீட்சைக்கு ஒரு கிழமைகூட இல்லாத நேரத்தில் ரீச்சர் எங்களைப் பிரித்து இருத்தினார். இரண்டு பேரும் குசுகுசுக்கிறோம் என்பது அவருடைய எண்ணம். என்னை முன் வாங்குக்கு மாற்றினார். அக்கா பின் வாங்கில் தனியே இருந்தாள். அன்றைக்குக் காரணிப்படுத்தல். பாதிக் கணக்கில் நிறுத்திவிட்டு, விளங்காதவர்கள் கை தூக்குங்கள் என்றார் ரீச்சர். ஒருவரும் தூக்கவில்லை. அவர் வாங்கு வாங்காகப் பார்த்துக்கொண்டு போய் அக்காவின் கொப்பிக்கு முன்னால் நின்றார்.

"இதில நிண்டிட்டீர். பிறகேன் பிள்ளை கை தூக்கேல்ல?"

குரலில் கோபமே இல்லை. அக்கா கொப்பியைக் கையால் மறைத்தாள். ரீச்சர் குனிந்து, பாலர் வகுப்புப் பிள்ளைக்குச் செய்வதைப்போல, அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக் கையை மெல்ல மேலே தூக்கினார்.

"இப்பிடி. இவ்வளவுதான்."

அக்கா கையைப் பறித்த வேகத்தில் ரீச்சர் பின்னால் இருந்த வாங்கோடு மோதினார். "விடுங்கோ ரீச்சர், விடுங்கோ" என்றாள் அக்கா. அது அவளுடைய குரலாகவே இல்லை. கொப்பியையும் எடுக்காமல் வெளியே போய்விட்டாள். பின்னால் யாரோ ஒரு பெடியன் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டான்.

மறுநாள் அக்கா பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. மெஷினின் சாக்கை எடுத்து மடித்து வைத்துவிட்டு அதற்கு முன்னால் இருந்தாள். அம்மா அதைக் கண்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அம்மா அக்காவோடு கதைப்பதே குறைவு. தையல் வேண்டாம் என்று அக்கா அடம்பிடித்ததால் வந்த கோபம் என்று நான் நினைத்திருந்தேன்.

அடுத்த நாள் அப்பா என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நான் சைக்கிளடியில் நின்றேன். அப்பா உள்ளே போய் ரீச்சரோடு கதைத்தார். நெடுநேரம் கழித்து வெளியே வந்த ரீச்சரின் கண்கள் சிவந்திருந்தன. அப்பா ரீச்சரை ஏசிவிட்டார், இனி எங்கள் கதி அதோகதிதான் என்று பயந்துபோனேன்.

"கொக்காவை நாளைக்கு வரச் சொல்லு. ரீச்சர் ஒண்டும் கேக்கமாட்டா" என்றார் அப்பா.

அக்கா வந்தாள். ரீச்சர் அவளைப் பார்க்காமல் பொதுவாகச் சொன்னார், இனிமேல் என்னுடைய வகுப்பில் ஒருவரும் கை தூக்கவேண்டாம், விளங்காதவர்கள் பென்சிலைக் கொப்பிக்குக் குறுக்கே வைத்தால் போதும், நான் வந்து பார்ப்பேன் என்று. அன்றைக்கே பாதி வகுப்பின் பென்சில்கள் குறுக்கே படுத்துக் கிடந்தன. அக்காவுக்காக நான் எழும்பிக் கேட்கும் வேலை அதோடு ஒழிந்தது. ரீச்சர் இவ்வளவு இளகிப்போனாரே என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

அப்பா ரீச்சரிடம் என்ன சொன்னார் என்பதை அக்காதான் பிறகு எனக்குச் சொன்னாள். அப்போது அவளுக்கு முதற்பிள்ளை பிறந்திருந்தது. சண்டை முடிந்து சனத்தைப் பதிந்த இடத்தில் ஆமிக்காரர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்களாம். ஒரு நாளாவது இயக்கத்தில் இருந்தவர்கள் கை தூக்குங்கள், பதிந்துவிட்டு விட்டுவிடுவோம், ஒன்றும் செய்யமாட்டோம் என்று. அண்ணனை இயக்கம் கட்டாயமாகப் பிடித்துப்போய், சில கிழமைகளில் அவன் தப்பி ஓடிவந்தவன். முழங்காலுக்குள் தலையை வைத்துக்கொண்டு இருந்தானாம். வேறு யாராவது காட்டிக்கொடுத்தால் பெரிய பிரச்சினை வரும், தானாகச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று அக்கா நம்பினாள். அவனுடைய மணிக்கட்டைப் பிடித்துக் கையைத் தூக்கியது அவள்தான். அண்ணன் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு எழும்பிப் போனான். பஸ்ஸில் ஏற்றினார்கள். இன்றுவரை வரவில்லை. எல்லாவற்றையும் அம்மா பக்கத்தில் இருந்து கண்டவள். அதைப்பற்றி அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"ஏசியிருந்தாலும் ஆறியிருப்பனடி" என்றாள் அக்கா.

இதெல்லாம் பிற்காலத்துக் கதை. பரீட்சைத் தாள் தந்த அன்று எனக்கு இதில் எதுவும் தெரியாது. அக்காவுக்கு நாற்பத்தாறு, சித்தி. எனக்குத் தொண்ணூற்றொன்று. வீட்டுக்கு வந்தபோது அம்மா அடுப்படியில் இருந்தாள். அக்கா தாளை நீட்டினாள். அம்மா தாளை வாங்கவில்லை. தாளைப் பிடித்திருந்த கையைப் பிடித்தாள். மணிக்கட்டோடு சேர்த்துப் பிடித்து, இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "உன்ர கை என்னடி பிள்ளை செய்யும்" என்றாள். அக்கா அம்மாவின் தோளில் விழுந்து அழுதாள். அம்மாவும் அழுதாள். அடுப்பில் சோறு அடிப்பிடித்து மணந்தது, ஒருவரும் எழும்பவில்லை. நாற்பத்தாறுக்கு இவ்வளவு அழுகையா என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னுடைய தாளையும் அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். தொண்ணூற்றொன்று எடுத்தவளை ஏன் ஒருவரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்பதுதான் அன்று எனக்கிருந்த ஒரே துக்கம்.