சனிக்கிழமை கோஷம், ஞாயிற்றுக்கிழமை சூப்பு

பதாகையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருக்கிறார் ரோஸ்விதா. "அமெரிக்கப் படையே, வீட்டுக்குப் போ" என்று சிவப்பு எழுத்து. எங்கள் ஜெர்மன் கிராமத்தை ஒட்டி அமெரிக்க விமானத்தளம் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் அதன் வாசலில் கத்துகிற கூட்டத்தில் இவர் தொண்டைதான் முதல் தொண்டை. ஒலிபெருக்கியை நீட்டினால் கோபித்துக்கொள்வார்.

இதே ரோஸ்விதாவின் மாடியில் குடியிருப்பவர் அந்தத் தளத்து சார்ஜென்ட் டெரல். ஞாயிறு மதியம் கீழேயிருந்து அவருக்கு உருளைக்கிழங்கு சூப்பும், கூடவே பிளம்ஸ் பழம் பதித்த கேக்கும் போகும். எங்கள் பக்கத்தில் இரண்டையும் சேர்த்துத்தான் சாப்பிடுவோம். முதல் நாள் திருதிருவென்று விழித்த டெரல் இப்போது இரண்டாம் தட்டு கேட்கிறார்.

"உங்களைக் காப்பாத்தத்தானேம்மா வந்திருக்கோம்" என்றார் ஒருநாள்.

"யாரு, நீயா? ஞாயித்துக்கிழமை சத்தமே போடக்கூடாதுங்கிற ஊர்ல, காலி பாட்டிலையெல்லாம் தெருக் குப்பைத்தொட்டியில சலங்சலங்னு போட்டியே. ஊரே சண்டைக்கு வந்துச்சு. அன்னிக்கு உன்னைக் காப்பாத்துனது யாரு?"

பக்கத்து வீட்டுக்காரனான நான் சும்மா இருந்திருக்கலாம். "ருஷ்யாக்காரன் பயம்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றேன்.

"அது பாதி. தூரதேசத்துல சண்டை போடணும்னா நடுவழியில இறங்க இடம் வேணும், அடிபட்டவனைப் படுக்கவைக்க ஆஸ்பத்திரி வேணும். அடுத்தவன் வீட்டு முற்றம் கிடைச்சா யாரு விடுவா? நம்மாளுங்களுக்கும் சௌகரியம். காவலுக்கு அவன் இருக்கான்னு குறட்டை விடலாம்."

போன வாரம் டெரல் ஒரு செய்தி கொண்டுவந்தார். அவருடைய பிரிவைப் போலந்துக்கு மாற்றப்போவதாகப் பேச்சு. சனிக்கிழமை காலையில் முடிவு தெரியும். வாரம் முழுக்க ரோஸ்விதா சிடுசிடுத்தார். "போன்னு சொன்னேன்தான். அதுக்காக நிஜமாவே கிளம்பிடறதா?" என்று என் மேல் பாய்ந்தார். மாடியில் காலடிச் சத்தம் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

சனிக்கிழமை வாசலில் எல்லோரும் கத்த, அவர் மட்டும் வாயே திறக்கவில்லை. பதாகை தோளில் சாய்ந்து கிடந்தது. கொஞ்ச நேரத்தில் டெரல் சீருடையோடு வெளியே வந்தார். கூட்டத்தில் ரோஸ்விதாவைத் தேடிப் பிடித்து, "இங்கேயேதாம்மா, எங்கேயும் போகலை" என்று சிரித்தார்.

ரோஸ்விதா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பதாகையை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, டெரலின் முகத்துக்கு நேராக, முகமெல்லாம் சிரிப்பாக, "வீட்டுக்குப் போ" என்று தொண்டை கிழியக் கத்தினார்.